என் தொழிலுக்கு உலை வைக்கும் கார் நிறுவனத்தில் நானே பங்கு வாங்கலாமா?

கேள்வி: ஓசூரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். சி.என்.சி. மெஷினில் இருசக்கர வாகன எஞ்சின் பாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுக்கிறோம். மின்சார வண்டி வந்தால் எங்கள் பாகங்களுக்கு வேலையே இல்லை. அதனால் மின்சாரக் கார் செய்யும் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனத்தில் பங்கு வாங்கினால் ஒரு பக்கம் போவது மறுபக்கம் வருமே என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே வாங்கினார் என்று மைத்துனர் சொல்கிறார். 6 லட்ச ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. மகள் மூன்று வருடத்தில் கல்லூரி சேருவாள். அந்தப் பணத்தை இதில் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: இந்த 6 லட்சத்தைப் போட வேண்டாம். நிறுவனம் மோசம் என்பதால் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் கட்டாயம் தேவைப்படும் பணத்தை எந்த ஒற்றைப் பங்கிலும் வைக்கக் கூடாது, அது சீனப் பங்காக இருந்தாலும் சரி, நம்மூர்ப் பங்காக இருந்தாலும் சரி. ஆனால் கேள்வியில் நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் யோசிக்க வைப்பது, எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பஃபெட் கதையை முதலில் முடித்துவிடலாம். 2008 செப்டம்பரில் அவருடைய பெர்க்‌ஷயர் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 8 ஹாங்காங் டாலர் கொடுத்து 22.5 கோடிப் பங்குகளை வாங்கியது. வாங்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர் அவருடைய கூட்டாளி சார்லி மங்கர். அடுத்த வருடமே பங்கு 80 டாலரைத் தாண்டியது. உங்கள் மைத்துனர் அந்த நேரத்தில் வாங்கியிருந்தால்? 2011-ல் விலை 20-க்கும் கீழே இறங்கிவிட்டது. பஃபெட் அசையாமல் உட்கார்ந்திருந்தார். 2022 ஆகஸ்டில்தான் விற்கத் தொடங்கினார், சராசரியாக 277 டாலருக்கு. 14 வருடத்தில் ஏறக்குறைய 35 மடங்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 29 விழுக்காடு கூட்டு வளர்ச்சி. பிரமாதம்தான். ஆனால் 2025-க்குள் மிச்சம் மீதி வைக்காமல் விற்று வெளியேறிவிட்டார். அவர் வாங்கினார் என்பதை மைத்துனர் சொன்னார், விற்றுவிட்டார் என்பதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. இணையத்தில் விலையைப் பார்த்து ‘மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டதே, மலிவு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025-ல் போனஸ் பங்குகள் கொடுத்ததில் பத்துப் பங்கு முப்பதானது. பஃபெட்டின் 8 டாலரை இன்றைய கணக்கில் சுமார் 2.67 என்று படிக்க வேண்டும்.

சரி, நிறுவனத்துக்கு வருவோம். 1995-ல் ஷென்ஜென் நகரில் வாங் சுவான்ஃபூ என்ற வேதியியல் படித்தவர் கைப்பேசி பேட்டரி செய்யத் தொடங்கினார். ஜப்பானியர்கள் தானியங்கி இயந்திரங்களில் செய்ததை, இவர் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆட்களை வைத்து மலிவாகச் செய்தார். 2002-ல் ஹாங்காங் சந்தையில் பட்டியலானது. 2003-ல் சியான் நகரில் நொடித்துக் கிடந்த ஒரு கார் கம்பெனியை வாங்கியபோது முதலீட்டாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், பங்கு விழுந்தது. 2022 மார்ச்சில் பெட்ரோல் மட்டுமே குடிக்கும் கார்களை அடியோடு நிறுத்தினார்கள். அந்த வருடம் விற்றது சுமார் 18.6 லட்சம் வண்டி, 2024-ல் 42.7 லட்சம். 2025-ல் முழு மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவையே முந்திவிட்டார்கள்.

பலம் எங்கே என்றால், பேட்டரி, மோட்டார், சிப் என்று பெரும்பாலானதைத் தாங்களே செய்துகொள்வதில். 2023-ல் யு.பி.எஸ். என்ற சுவிஸ் வங்கியின் ஆய்வாளர்கள் பி.ஒய்.டி.யின் ‘சீல்’ காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்து, பாகங்களில் முக்கால்வாசி சொந்தத் தயாரிப்பு என்றார்கள். காரை ஏற்றுமதி செய்யக் கப்பல்களைக்கூடச் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் 2024-ல் 77,700 கோடி யுவான் வருமானத்தில் நிகர லாபம் 4,000 கோடி யுவான்தான். நூறு ரூபாய்க்கு வியாபாரம் செய்தால் ஐந்து ரூபாய் நிற்கிறது. அந்த வருமானத்திலும் ஐந்தில் ஒரு பங்கு மற்ற கம்பெனிகளுக்குக் கைப்பேசிப் பாகங்கள் செய்து கொடுப்பதில் வந்தது. 2025 மே மாதம் ‘சீகல்’ என்ற சின்னக் காரின் விலையை 55,800 யுவானுக்கு இறக்கினார்கள். போட்டிக் கம்பெனிகளும் இறக்கின. அந்தக் காலாண்டில் லாபம் முந்தைய வருடத்தின் அதே காலாண்டைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைந்தது, அடுத்த காலாண்டில் 33 விழுக்காடு. 2025-க்கு 55 லட்சம் கார் என்று இலக்கு வைத்துவிட்டு, பாதியில் 46 லட்சமாகக் குறைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியதுதான் ஆறுதல். அங்கேயும் ஐரோப்பா வழக்கமான 10 விழுக்காட்டு வரிக்கு மேல் 17 விழுக்காடு கூடுதலாகப் போட்டிருக்கிறது. அமெரிக்கா கதவையே சாத்திவிட்டது.

அடுத்து சொல்வது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது? சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது, நடைமுறை உங்களுக்குத் தெரியும். பி.ஒய்.டி. தன் சப்ளையர்களுக்கு 2023-ல் சராசரியாக 275 நாள் எடுத்துக்கொண்டது என்பது புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் கணக்கு. ரொக்கத்துக்குப் பதில் மின்னணுக் கடன் சீட்டு கொடுப்பார்கள். அவசரமென்றால் சப்ளையர் அதைத் தள்ளுபடி விலையில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வங்கிக் கடன் குறைவு என்று பேலன்ஸ் ஷீட்டைக் காட்டிச் சிலர் பெருமைப்பட்டார்கள். உங்களைப் போன்றவர்களின் பணத்தில் வட்டியில்லாமல் தொழில் நடந்தால் வங்கிக் கடன் எதற்கு? 2025 ஜூனில் சீன அரசு கடிந்துகொண்ட பிறகு, 60 நாளில் கொடுக்கிறோம் என்று பி.ஒய்.டி. உட்படப் பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் வாக்குக் கொடுத்தன. அதைக் காப்பாற்றினால் கையிலிருக்கும் ரொக்கம் கரையும், கடன் ஏறும். அந்தப் பங்கை வைத்திருப்பவர் வண்டி எண்ணிக்கையைவிட, சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்ற இந்த ஒரு எண்ணைத்தான் காலாண்டுக்குக் காலாண்டு பார்க்க வேண்டும் என்பேன்.

இப்போது உங்கள் ‘ஒரு பக்கம் போவது மறுபக்கம் வரும்’ கணக்கு. அது இங்கே பொருந்தவில்லை. ஓசூரில் உங்கள் ஆர்டரைக் குறைக்கப்போவது ஷென்ஜென் கார் அல்ல, டி.வி.எஸ். ஐக்யூப், ஏத்தர் போன்ற மின்சார ஸ்கூட்டர்கள்தான். இரண்டும் உங்கள் ஊரிலேயே தயாராகின்றன. பி.ஒய்.டி. இருசக்கர வண்டி செய்வதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அவர்களுக்குச் சின்ன ஆலை உண்டு. ஆனால் ஹைதராபாத்தின் மேகா நிறுவனத்தோடு சேர்ந்து 100 கோடி அமெரிக்க டாலரில் கார் ஆலை போடக் கேட்டதற்கு 2023-ல் மத்திய அரசு அனுமதி தரவில்லை. சீனாவில் விலைப்போர் முற்றி பங்கு பாதியாகும் அதே வருடத்தில் உங்கள் ஆர்டரும் பாதியாகலாம். அப்போது இரண்டு பக்கமும் போகும்.

உங்களுக்கு உண்மையான காப்பு பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. மின்சார ஸ்கூட்டருக்கும் மோட்டார் ஷாஃப்ட் வேண்டும், கியர் வேண்டும், மோட்டார் ஹவுசிங் வேண்டும். இருக்கும் மெஷினிலேயே புது ஃபிக்ஸர், டூலிங் போட்டு அதில் எதைச் செய்ய முடியும் என்று இரண்டு மூன்று கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களிடம் பேசிப் பாருங்கள். அதற்குப் பணம் வேண்டுமென்றால் தொழில் கடனாக வாங்குங்கள், மகளின் பணத்தைத் தொடாதீர்கள். எஃப்.டி.யை முதல் வருடக் கல்லூரிக் கட்டணத் தேதிக்கு முன் முதிர்கிற மாதிரி இரண்டு மூன்றாகப் பிரித்துப் புதுப்பித்துவிடுங்கள்.

அப்படியும் ஆசை விடவில்லை, மாத வருமானத்தில் மிஞ்சுவதில் கொஞ்சம் போடுகிறேன் என்றால், நடைமுறைத் தொல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம், 10 லட்ச ரூபாய் வரை டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை. ஆனால் இங்குள்ள பெரும்பாலான செயலிகள் அமெரிக்கச் சந்தையோடு நின்றுவிடும், ஹாங்காங்குக்குத் தனித் தரகர் வேண்டும். டிவிடெண்டில் சீனா 10 விழுக்காடு பிடித்துக்கொள்ளும். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி, அதற்குள் விற்றால் உங்கள் வரி அடுக்குப்படி. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் சிறு தொழிலுக்கான எளிய வருமான வரிப் படிவமான ஐ.டி.ஆர்.-4 போடுகிறவர் என்றால் அது முடியாது, ஐ.டி.ஆர்.-3-க்கு மாற வேண்டும். ஆடிட்டர் ஃபீஸே அந்தச் சின்ன லாபத்தைத் தின்றுவிடும்.

இந்தத் தலைவலி இல்லாத வழி, நம் சந்தையிலேயே கிடைக்கும், ஹாங்காங் சந்தையின் ஹாங் செங் குறியீட்டைப் பின்தொடரும் இ.டி.எஃப். (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்). அந்தக் குறியீட்டில் பி.ஒய்.டி.யும் ஓர் உறுப்பு, கூடவே டென்சென்ட், அலிபாபா, வங்கிகள் எல்லாம் வரும். மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். வாங்கும் நாளில் ஐ.என்.ஏ.வி. என்ற உள்மதிப்பைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பால் இந்த இ.டி.எஃப்.கள் சில சமயம் உள்மதிப்பைவிட அதிக விலைக்குக் கைமாறும். இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அந்த மாதம் வாங்காமல் விட்டுவிடுங்கள்.