வரலாறு படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

ஐயா, வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகள் பொறியியல் வேண்டாம், பி.ஏ. வரலாறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், ராஜாக்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து யாருக்கு என்ன பயன் என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நடந்தது எல்லாம் வரலாறு ஆகிவிடுவதில்லை. நடந்தவற்றில் எஞ்சிய தடயங்களைக் கொண்டு எதை உறுதியாகச் சொல்லலாம், எதை ஊகமாக மட்டுமே சொல்லலாம் என்று பிரித்தறிவதுதான் வரலாறு. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி வாரியம் எனப்பட்ட ஊர் நிர்வாகக் குழுக்களின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் உங்கள் மகள் படித்திருப்பாள். கல்லூரியில் அவற்றில் இரண்டாவது கல்வெட்டை முழுவதுமாகப் படிக்க நேரும்போது, பெயர் எழுதப்படுவதற்கே கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேத அறிவும் வேண்டும் என்பதும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர் என்பதும் தெரியவரும். இது ஒரு பிராமண ஊரின் சபை. உழுகுடிகளின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. அன்றே மக்களாட்சி இருந்தது என்று மேடையில் முழங்குவோர் இந்த வரிகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். இரண்டே ஆண்டுகளில் விதிகளை மறுபடி எழுத வேண்டியிருந்தது என்றால் முதல் ஏற்பாட்டில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஆனால் விதி பொறிக்கப்பட்டது என்பதற்குத்தான் கல் சாட்சி. விதிப்படி நடந்தார்களா என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும்.

இப்படிப் படிக்கப் பழகிய ஒருவர் ஒரு வழக்குக் கட்டையோ, அரசுக் கோப்பையோ, ஒரு செய்தியையோ கையில் எடுத்தாலும் இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்றுதான் முதலில் கேட்பார். பி.ஏ. வரலாற்றுக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குச் செல்வது பொருத்தமான வழி என்று நான் பலருக்கும் சொல்வது இதனால்தான். குடிமைப் பணித் தேர்விலும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளிலும் வரலாறு இடம்பெறுவதால், அவற்றை எழுத விரும்புவோருக்கு இந்தப் பட்டம் கை கொடுக்கும். ஆசிரியப் பணி வேண்டுமென்றால் எம்.ஏ., பி.எட். என்றும், கல்லூரிப் பணி வேண்டுமென்றால் எம்.ஏ.வுக்குப் பின் நெட், செட் எனப்படும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள் அல்லது முனைவர் பட்டம் என்றும் பாதை நீளும்.

தொல்லியலில்தான் ஆசை என்றால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கீழடி அகழாய்வுக்குப் பிறகு மாணவர்களிடம் ஆர்வம் பெருகிய அளவுக்குப் பணியிடங்கள் பெருகவில்லை, வெறும் பி.ஏ. பட்டம் அங்கே போதாது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் கற்பிக்கப்படுகின்றன. கல்வெட்டுப் படிக்க விரும்புவோர் தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்து முறைகளைக் கற்பதோடு, மைப்படி எடுக்கவும் கற்க வேண்டும்: கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்தில் தாள் பதியும்வரை தூரிகையால் தட்டி, பின்பு மை ஒற்றினால் கரிய தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். பொறுமையும் உடல் உழைப்பும் வேண்டிய வேலை இது. வெயிலில் நிற்கத் தயங்குபவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் பழைய கோப்புகளைப் படிக்கும் ஆய்வை யோசிக்கலாம்.

முடிவெடுப்பதற்கு முன், உங்கள் வீட்டில் பழைய நிலப்பத்திரம் ஏதேனும் இருந்தால் அதை மகளிடம் கொடுத்து, அதிலிருந்து குடும்பத்தைப் பற்றி என்னென்ன சொல்ல முடியும் என்று எழுதச் சொல்லுங்கள். ஆண்டையும் பெயர்களையும் மட்டும் குறித்துவிட்டு எழுந்துவிட்டால் அவளுடைய ஆர்வத்தைப் பற்றி நாம் இன்னொரு முறை பேசலாம். சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்கள் யார், கைநாட்டு வைத்தவர் யார், அந்த ஆண்டில் நிலத்தை ஏன் விற்றார்கள் என்று உங்களைத் துளைத்தெடுத்தால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள். சேரும் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.