வாசகர் கேள்வி-பதில்: மளிகைச் சாமானில் எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: மாதச் சாமான் வாங்கும்போது ‘பலதானியம்’, ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’, ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகளையே விலை கூடுதலானாலும் எடுக்கிறேன். என் கணவருக்கு இரத்த அழுத்தம். எனக்குச் சர்க்கரை நோய் தொடங்கியிருக்கிறது. இவற்றை நம்பலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள் என்றே உறுதியாகச் சொல்வேன். பின்பக்கத்தில் சேர்மானங்களின் பட்டியல் இருக்கும். எடையில் எது மிகுதியோ அதை முதலில் எழுதி, மற்றவற்றை இறங்குவரிசையில் தர வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. எனவே ‘பலதானிய பிஸ்கட்’ ஒன்றின் பட்டியல் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கி, கேழ்வரகும் ஓட்ஸும் கடைசியில் ஓரிரு சதவீதமாக வருமானால், நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது மைதா பிஸ்கட்டைத்தான். அந்தப் பணத்துக்கு முழுக் கேழ்வரகை வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து கிடைக்கும் உணவில் உள்ள பொருள். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவுக்கு இயல்பாகவே இல்லை என்பதால், எண்ணெய்ப் பாக்கெட்டில் அப்படி அச்சிடுவதால் புதிய நன்மை எதுவும் சேர்ந்துவிடுவதில்லை. செக்கில் ஆட்டியதானாலும் ஆலையில் சுத்திகரித்ததானாலும் ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கலோரி. ஆகவே மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பொருளிலும் மைதாவோ, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியோ இருந்தால் அவை இரத்தத்தில் குளுக்கோஸாகவே மாறும். உங்களுக்கு முக்கியமானது சர்க்கரை என்ற வரி மட்டுமன்று, அதற்கு மேலே உள்ள மொத்தக் கார்போஹைட்ரேட் வரியும்தான்.

உங்கள் கணவருக்காகச் சோடியம் என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பகுதி வீடுகளில் அப்பளம், வற்றல், மோர்மிளகாய், ஊறுகாய் ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த அளவில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடும். சந்தையில் சில்லறையாக வாங்கும்போது இவற்றில் எந்த அச்சும் இராது என்பதால்தான் இதைத் தனியே சொல்கிறேன். சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

கேள்வி: கறுப்புக் கவுனி சர்க்கரை நோய்க்கு மருந்து என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: மருந்து அன்று, நல்ல அரிசி. தவிடு நீக்காததால் நார்ச்சத்தும், கருநிறத்தைத் தரும் ஆந்தோசயனினும் அதில் இருக்கின்றன. ஆனாலும் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்தே என்பதால் அளந்துதான் உண்ண வேண்டும். நம் கல்யாண வீடுகளில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துப் பரிமாறும் கவுனி அரிசி இனிப்புப் பண்டமே. அதை உடல்நலத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த எனக்கு இந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. நான் என்ன செய்வது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தாங்கள் படிக்கவே தேவையில்லாத பொருள்களை மிகுதியாக வாங்குங்கள். காய், கீரை, முழுப் பயறு ஆகியவை கண்ணும் கையும் பார்த்து எடுப்பவை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளுக்கு மாறாக விரலி மஞ்சளும் வற்றல் மிளகாயும் வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொண்டால் சாயக் கலப்படத்துக்கு இடம் குறைவு. மிளகை வாங்கியதும் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மேலே மிதக்கும். பாக்கெட்டில்தான் வாங்கியாக வேண்டிய பொருள் என்றால் காலாவதித் தேதியையும் சோடியம் வரியையும் மட்டுமாவது கடைப் பையனைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.