தொப்பிக்கு முன்னால் கொண்டையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். அந்தக் கால ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகள் மேல் எனக்குத் தீராத ஆசை. 1900களின் அகலமான இறகுத் தொப்பியில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். தொப்பிக்கு வடிவம் கொடுக்கும் மர அச்சும், முடியை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியும் ஆன்லைனில் வாங்கலாமா? சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. ‘இதை யார் போடப்போறாங்க?’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: வீட்டில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அச்சு, ஃபெல்ட் இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். இறகுத் தொப்பியும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

காரணம் தலைமுடி. 1908, 1910 வாக்கில் வந்த அந்தப் பெரிய தொப்பிகள் தலையில் உட்காரவே இல்லை, முடிமேல்தான் உட்கார்ந்தன. நம் பாட்டிமார் சவரி வைத்ததுபோல உள்ளே முடித்திண்டு வைத்து, முடியைச் சுற்றிலும் உப்பலாகத் தூக்கி, நீளமான ஊசிகளால் தொப்பியை அதில் குத்தி நிறுத்தினார்கள். அந்த ஊசி முனைகள் அக்கம்பக்கத்தாரைக் கிழிக்கின்றன என்று சிகாகோ போன்ற நகரங்கள் அதன் நீளத்துக்குச் சட்டமே போட்டன. அந்த அளவில் ஒன்று செய்து உங்கள் பின்னல் தலையில் வைத்தால் மூக்குவரை இறங்கிவிடும். அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தோமே என்று குழம்புவீர்கள்.

எந்தக் காலத்தை எடுத்தாலும் இதே கதைதான். 1830 வாக்கில் உச்சந்தலையில் முடியை வளையம் வளையமாக நிறுத்தினார்கள், தாடைக்குக் கீழே ரிப்பன் கட்டிப் போடும் பானெட் தொப்பியின் குல்லாப்பகுதியும் கூடவே மேலே எழும்பியது. 1840களில் நடுவகிடு எடுத்துக் காதை மூடிப் படிய வாரியதும் விளிம்பு கன்னத்தோடு ஒடுங்கியது. 1920களில் முடியைக் குட்டையாக வெட்டிய பிறகுதான் புருவம்வரை இழுத்துவிடும் க்ளோஷ் தொப்பி சாத்தியமானது. அதனால் முதலில் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் காலக் கொண்டையைப் போடப் பழகுங்கள். கொண்டையோடுதான் தலைச்சுற்றளவு எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் 1810களின் பானெட்டைச் சொல்வேன். கொண்டை பின்பக்கம் உயரமாக இருக்கும், தாடைக்குக் கீழே ரிப்பன் கட்டு, ஊசித் தொல்லை இல்லை. முக்கியமாக, அதை அச்சே இல்லாமல் தைத்துவிடலாம். உங்கள் கைக்குத் தெரிந்த வேலைதான். காகிதத்தில் மாதிரி வெட்டித் தலையில் வைத்துப் பார்த்து, திருப்தியான பிறகு பக்ரம் என்ற விறைப்பான துணியில் வெட்டுங்கள். காலருக்கு இஸ்திரி போட்டு ஒட்டுகிறோமே, அந்த ரகம் ஆகாது. தண்ணீர் பட்டால் இளகி, காய்ந்தால் விறைக்கும் பருத்தி பக்ரம் வேண்டும். கிடைக்காவிட்டால் சல்லடைத் துணியை இரண்டு மூன்று அடுக்காகக் கெட்டிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தால் போதும். மழைக்காலத்தில் தொய்யும், கரப்பானுக்கும் ரொம்பப் பிடிக்கும், பெட்டியில் மூடி வையுங்கள்.

விளிம்பைச் சுற்றி நூல் சுற்றிய கம்பியை வைத்து, காஜா தையல்போல நெருக்கமாகக் கையால் கட்டுங்கள். கம்பியின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று இரண்டு அங்குலமாவது ஏறியிருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் மடங்கும். அதன்மேல் மெல்லிய ஃப்ளானல் துணியைப் போர்த்துங்கள். இதைத்தான் புதியவர்கள் தவிர்க்கிறார்கள். தவிர்த்தால் கம்பியும் தையலும் பட்டுக்கு மேலே முண்டிக்கொண்டு தெரியும். பட்டும் லைனிங்கும் போர்த்துவது பிளவுஸ் தைப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசிரியர் இல்லை என்கிறீர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் தொப்பிகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்த படங்களைத் தேடுங்கள். சினிமாவை நம்ப வேண்டாம், நடிகையின் முகம் தெரிய விளிம்பை வெட்டிவிடுவார்கள்.

ஆர்வத்தில் பழைய தொப்பிகளை வாங்கிப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஃபெல்ட் செய்ய முயல்முடியைப் பாதரச உப்பில் பதப்படுத்திய காலம் உண்டு. தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும், புத்தி பேதலிக்கும். அமெரிக்காவில் 1941 வரை இந்த முறை இருந்தது. பழைய ஃபெல்ட்டுக்கு ஆவி காட்டினால் அதில் மிச்சமிருக்கும் பாதரசம் மூச்சில் ஏறலாம். தொப்பி அலங்காரத்துக்கு வைத்த விக்டோரியா காலத்துப் பச்சைத் துணி இலைகளில் ஆர்செனிக் விஷம் இருக்கலாம். அவற்றைச் செய்துவந்த 19 வயது மாட்டில்டா ஷூரர் 1861இல் லண்டனில் அதனாலேயே இறந்தாள்.

யார் போடுவார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பள்ளி ஆண்டு விழாக்கள், ஆங்கில நாடகக் குழுக்கள், குறும்படம் எடுப்பவர்கள் என்று கேட்க ஆள் உண்டு. ஆனால் முதல் தொப்பியை விற்க வேண்டாம். இரண்டாவதை வெட்டும்போது அதைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள்.