ரூபி ஆருடைய பிள்ளை?

அன்பின் ஐயா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவி. ‘டொக்டர் ஹூ’ தொடரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள என் மச்சாள்மாரோடு வட்ஸ்அப்பில் கதைத்துக் கதைத்தே பார்த்து வளர்ந்தவள். 2024இல் வந்த பருவத்தில் டொக்டரின் துணையாக வரும் ரூபி சண்டேயைப் பெற்ற தாய் யார் என்று ஆறு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்தோம். டொக்டரின் பேத்தியான சூசனின் மகள்தான் ரூபி என்பது என் கட்சி. அதற்கான குறிப்புகளை ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். கடைசியில் தாய் ஒரு சாதாரணப் பெண் என்று கதையை முடித்துவிட்டார்கள். இலண்டன் மச்சாளோடு கட்டிய பந்தயத்தில் தோற்று, அவள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். அந்த ஆத்திரத்தில் அடுத்த பருவத்தை நான் தொடவேயில்லை. கூட வருகிற பாத்திரத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது, கதை டொக்டருடையதுதானே என்கிறாள் என் தோழி ஒருத்தி. எங்கள் ஊகம் மடைத்தனமா, அல்லது எங்களை ஏமாற்றினார்களா?

ந., கொக்குவில்

அன்பின் ந.,

உங்களை ஏமாற்றினார்கள் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் தாய் சாதாரணப் பெண்ணாக இருந்ததை அந்த ஏமாற்றுக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன்.

தொடரைப் பாராதவர்களுக்காகச் சில வரிகள். 1963 நவம்பர் 23ஆம் திகதி பிபிசியில் தொடங்கி, 1989இல் நின்று, 2005இல் மீண்டும் உயிர்பெற்ற இத்தொடரில், காலத்தையும் வெளியையும் கடந்து பயணம் செய்யும் டொக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி சாகும் தறுவாயில் உடல் மாறி வேறொரு நடிகராக எழும்புவார். அவரோடு கூடப் போகிறவர்களும் காலத்துக்குக் காலம் மாறுவார்கள். அந்த வரிசையில் வந்த ரூபியை 2023ஆம் ஆண்டின் நத்தார் சிறப்பு அத்தியாயத்தில் அறிமுகம் செய்தார்கள். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் இரவு, முக்காடிட்ட ஒரு பெண் ரூபி வீதித் தேவாலயத்தின் வாசலில் ஒரு குழந்தையை வைத்துவிட்டுப் போகிறாள். வீதியின் பெயரே குழந்தைக்கும் பெயராகிறது. பத்தொன்பது வயதில் டொக்டரோடு புறப்படும் அந்தப் பெண் தன் பிறப்பை நினைக்கும் வேளைகளில், பனி பெய்ய வழியே இல்லாத இடங்களிலும் பனி பெய்கிறது. முக்காட்டுப் பெண்ணின் முகம் எவருக்கும் தெரிவதில்லை. பிறகு ஒரு காட்சியில் அவள் திரும்பி நின்று கையை நீட்டி எதையோ சுட்டுகிறாள். இவ்வளவையும் காட்டிவிட்டு ஊகிக்காதே என்று பார்ப்பவரிடம் சொல்வது, பந்தியில் இருத்தி இலையும் போட்ட பிறகு எழும்பச் சொல்வதற்குச் சமம்.

உங்கள் தோழியின் கேள்விக்குத் தொடரின் முதலாவது அத்தியாயமே பதில் வைத்திருக்கிறது. கோல் ஹில் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் இயன், வரலாறு படிப்பிக்கும் பார்பரா ஆகிய இரு ஆசிரியர்களும், சூசன் என்ற மாணவியைப் பற்றிப் பேசிக் கொள்கிறார்கள். அவள் சில விடயங்களில் ஆசிரியர்களைவிட அறிந்தவள். ஆனால் ஒரு பவுணுக்கு எத்தனை சிலிங் என்பது அவளுக்குத் தெரியவில்லை, இங்கிலாந்துக் காசு ஏற்கெனவே தசம முறைக்கு மாறிவிட்டதாக நினைத்துவிடுகிறாள். (பிரித்தானியா அந்த முறைக்கு மாறியது 1971இல்தான். எங்களுக்கு ரூபாயும் சதமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன என்பதால் அந்தப் பகிடி இங்கே சற்று மெதுவாகத்தான் ஏறும்.) பாடசாலைப் பதிவில் உள்ள முகவரியைத் தேடிப் போன ஆசிரியர்கள், அது பழைய சாமான்கள் குவிந்த ஒரு வளவு என்பதைக் காண்கிறார்கள், அங்கே நின்ற நீலப் பெட்டிக்குள் நுழைந்து, டொக்டரின் முதல் மனிதத் துணைவர்களாகிறார்கள். ஒரு பிள்ளை யாருடைய பிள்ளை என்று ஊகிக்கப் போனவர்களே இத்தொடரின் முதற் துணைப்பாத்திரங்கள் என்பதை உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். கதை டொக்டருடையதாக இருக்கலாம், ஆனால் அதை நாங்கள் பார்ப்பது கூடப் போகிறவரின் கண்ணால்.

இனி உங்கள் கட்சிக்கு வருகிறேன், இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது வாசிகசாலை வாசலில் புதிய முகம் ஒன்று தென்பட்டால், சைக்கிளை நிறுத்திக் காலூன்றி நின்றபடி யாராவது ஒரு பெரியவர் கேட்கும் முதற் கேள்வி, ‘தம்பி, நீர் ஆருடைய பிள்ளை?’ என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியில் அன்பும் உண்டு, அளவுகோலும் உண்டு. தகப்பனின் பெயரைச் சொன்னதும் பெரியவரின் முகம் மலரும் அல்லது சுருங்கும். பிறகு அந்தப் பிள்ளை என்ன வாசிக்கிறது, எப்படிக் கதைக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பதிலுக்குக் கீழேதான். ரூபியைப் பற்றிய ஊகங்களில் பெரும்பாலானவை அந்தச் சைக்கிளில் வந்தவை என்பதே என் எண்ணம். அவள் டொக்டரின் கொள்ளுப்பேத்தி, இல்லை, ஏதோ ஒரு தெய்வத்தின் மகள் என்று ஆளுக்கொரு வம்சம் கட்டினார்கள். இவ்வளவு தைரியமும் பாட்டும் பகிடியும் உள்ள ஒரு பெண் வெறும் ஆளுக்குப் பிறந்திருக்க முடியாது என்ற கணக்கு அதற்குள்ளே ஒளிந்திருந்தது. ‘ஸ்ரார் வோர்ஸ்’ வரிசையிலும் இதுவே நடந்தது: ரே என்ற பெண்ணின் பெற்றோர் பேர் ஊர் இல்லாதவர்கள் என்று 2017ஆம் ஆண்டுப் படம் சொன்னது, 2019ஆம் ஆண்டுப் படம் அதை மாற்றி, அவளைப் பேரரசன் பல்பற்றீனின் பேத்தியாக்கிவிட்டது. எனக்கு அந்த இரண்டாவது படத்தின்மேல் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

புதிர் ஆக்கப்பட்ட துணைப்பாத்திரம் ஆளாக வளரக் கஷ்டப்படும் என்பதற்கு இதே தொடரில் கிளாரா சாட்சி. 2012இல் ஓர் அத்தியாயத்தில் தோன்றி இறந்தாள். அந்த ஆண்டு நத்தாருக்கு, விக்ரோறியா மகாராணி காலத்துப் பெண்ணாகத் தோன்றி மறுபடியும் இறந்தாள். 2013இல் மூன்றாவது முறையாக வந்தபோது, டொக்டர் அவளைப் பார்த்த பார்வையெல்லாம் கணக்கு வாத்தியார் தீராத கணக்கைப் பார்க்கிற பார்வையாகவே இருந்தது. அந்த முடிச்சு 2013 மே மாதத்தில் அவிழ்ந்து முடிந்த பிறகுதான் அவள் ஆசிரியையானாள், காதலித்தாள், பொய் சொன்னாள், டொக்டரோடு சண்டையும் பிடித்தாள். எனக்குக் கிளாராவைப் பிடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஏமாற்று எங்கே நடந்தது என்று கேட்டால், அந்தச் சுட்டிய கையைத்தான் காட்டுவேன். 2024 ஜூன் 22ஆம் திகதி வந்த கடைசி அத்தியாயத்தில், அவள் சுட்டியது வீதியின் பெயர்ப்பலகையை என்றும், பிள்ளைக்கு ரூபி என்ற பெயரை அப்படி விட்டுச் சென்றாள் என்றும் விளக்கினார்கள். பதினைந்து வயதுப் பெண், பெற்ற பிள்ளையைத் தேவாலய வாசலில் வைத்துவிட்டுப் பயத்தோடு போகிறவள், நள்ளிரவில் ஆளரவம் இல்லாத தெருவில், யார் பார்ப்பதற்காக ஒரு பலகையைச் சுட்டவேண்டும்? பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, குழந்தையைச் சுற்றியிருந்த துணிக்குள் செருகியிருக்கலாமே. முந்திய அத்தியாயங்களில் அந்தக் கை பார்ப்பவரை நடுங்க வைக்கும் விதமாக, இசையோடும் இருளோடும் காட்டப்பட்டது. அப்படிக் காட்டிய ஒரு கைக்குப் பலகையை விடையாகத் தருவது, எழுத்தாளர் தன் மேசையில் இருந்தபடி பார்ப்பவரை நோக்கிச் சுட்டிய சுட்டு. அந்தப் பெண்ணின் சுட்டு அல்ல. பனியின் கணக்கும் ஒழுங்காகத் தீர்க்கப்படவில்லை. அவள் முக்கியமானவள் என்று எல்லோரும் நினைத்ததாலேயே அவள் முக்கியமானவள் ஆனாள் என்று டொக்டர் சொல்லுமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பருவத்தின் எதிரியாக வரும் தெய்வமாகிய சுதேக்கே தாயின் முகத்தைக் காண முடியாமல் அந்தரப்பட்டான் என்பதும் நல்ல கற்பனை. இருந்தாலும், நினைப்பினால் மரியாதை வரலாம், பனி வருமா?

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரை வைத்துப் படம் போடுவார்கள். எண்ணெய் தீர்ந்து உச்சக்கட்டத்துக்கு முன்னரே படம் நின்றுபோன ஓர் இரவுக்குப் பின், கொலையாளி யார் என்று ஐந்து நாள் சந்தியில் நின்று தர்க்கப்பட்டோம். ஆறாம் நாள் மிகுதியைப் போட்டபோது எங்கள் ஒருவரின் ஊகமும் சரிவரவில்லை. என்றாலும் ஒருவருக்கும் கோபம் வரவில்லை, ஏனெனில் விடைக்கான தடயம் முதல் அரைமணி நேரத்திலேயே, எங்கள் கண்முன்னே, ஒரு கதவுத் திறப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கொப்பிக்கு அந்த நியாயம் செய்யப்படவில்லை. அதுமட்டுமல்ல, சூசன் என்ற பெயரை உங்கள் முன் ஆட்டிக் காட்டியதும் அவர்கள்தான். ஒரே முகம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வெவ்வேறு ஆளாக வந்தது. கடைசியில் அவளுக்கு சூசன் ட்ரையட் என்று பெயர் வைத்து, அதைச் சுருக்கிய ‘S Triad’ என்பதன் எழுத்துகளை மாற்றிப் போட்டால் டொக்டரின் கலமான ராடிஸின் (TARDIS) பெயர் வரும்படியும் செய்து, டொக்டரே பேத்தி என்று நம்பி ஏங்கிய பிறகு, அது சுதேக் வைத்த பொறி என்று முடித்தார்கள். ஊகிப்பவரைக் கேலி செய்யும் கதை எனக்குச் சம்மதமே. தூண்டிலில் இரையைக் கோர்த்துவிட்டு மீனின் பேராசையைப் பழிக்கிற கதைதான் சம்மதமில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ரூபி வாசலில் விடப்பட்டது 2004 டிசம்பர் 24. எழுதியவர்கள் அதை இங்கிலாந்தின் நத்தார் என்று மட்டுமே கருதியிருப்பார்கள். மணற்காட்டிலோ மருதங்கேணியிலோ இருந்து பார்ப்பவருக்கு அந்தத் திகதி கேட்டவுடன் மனம் இரண்டு நாள் முன்னே ஓடிவிடும். அந்த 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகு, கல்முனையில் 81ஆம் இலக்கம் இடப்பட்ட ஒரு கைக்குழந்தையைப் பல பெற்றோர் தங்களுடையது என்று கேட்பதாகச் செய்திகள் வந்தன. மரபணுப் பரிசோதனை செய்து, 2005 பெப்ரவரியில் குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். ரூபியின் தாயைக் கண்டுபிடிப்பதும் ஒரு மரபணுப் பதிவுதான். பதிவேட்டில் ஒரு பெயர் வருகிறது, அவ்வளவே. பிறகு ஒரு கோப்பிக் கடையில் தாயும் மகளும் சந்திக்கிறார்கள். ஒரு குழந்தை யாருடையது என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் எனக்கு, அந்தத் தாய்க்குக் கிரீடம் எதுவும் இல்லாதது பெரிய ஆறுதலாக இருந்தது.

உங்கள் கொப்பியில் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி ஏதும் எழுதியிருந்தீர்களா? அறிமுக அத்தியாயத்தில், ரூபியை வளர்த்த கார்லாவின் சமையலறையில் அந்தப் பெட்டிக் கதவு முழுக்கப் படங்கள். கார்லா பொறுப்பேற்று வளர்த்த பிள்ளைகளின் முகங்கள். கொப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் ரூபியை இல்லாமல் செய்தவுடன், அந்தக் கதவில் படங்கள் இல்லை. கார்லாவின் முகத்திலும் இளக்கம் இல்லை, பிள்ளை வளர்ப்பது அவளுக்கு வெறும் காசுக்கான வேலையாகிவிட்டது. ரூபி யார் என்பதற்கான விடை அந்த வெறுங்கதவில் இருந்தது. நீங்களும் நானும் முக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பாத்திரங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தால், துணைவி என்பது வேறு பொருள் தந்துவிடும், கூட்டாளி என்பதில் சற்று வியாபார வாடை. தோழி என்பதே பொருத்தம். சங்க அகப்பாடல்களின் தோழிக்குப் பெயர் கிடையாது, ஆனால் அவள் வாய் திறக்காவிட்டால் களவும் இல்லை, கற்பும் இல்லை. அந்தத் தோழி ஆருடைய பிள்ளை என்று தொல்காப்பியரும் சொல்லித்தான் வைத்திருக்கிறார்: செவிலியின் மகள். பெற்ற தாயாகிய நற்றாய் வேறு, வளர்த்த தாயாகிய செவிலி வேறு என்று பிரித்து வைத்த அந்த இலக்கணத்தில், தோழியின் வம்சம் வளர்த்தவளோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் எவரும் போய்க் கேட்கவில்லை. கார்லாவின் மகள் ரூபிக்கு இதைவிடச் சரியான முகவரியை என்னால் எழுத முடியாது.

அடுத்த பருவத்தை நீங்கள் பார்க்கவில்லை என்பதால் இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். பந்தயம் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லிவிடுகிறேன். 2025 மே 17ஆம் திகதி வந்த அத்தியாயத்தில் சூசன் டொக்டரின் மனக்காட்சியில் தோன்றுகிறாள். 1963இல் சூசனாக நடித்த அதே கரோல் ஆன் ஃபோர்ட், எண்பத்து நான்கு வயதில். ரூபிக்கும் அவளுக்கும் உறவேதும் இல்லை. ஆனாலும் சூசன் வருவாள் என்று நீங்கள் எழுதி வைத்தது பிழையாகவில்லை, ஒரு வருடம் பிந்தியது, அவ்வளவுதான். உங்கள் மச்சாள் அடுத்த ஆவணியில் நல்லூருக்கு வந்தால், பாதி ஐஸ்கிறீமையாவது திருப்பிக் கேட்கும் நியாயம் உங்களுக்கு உண்டு.