இந்தோனேசிய விடுதலை: 1945ஆ, 1949ஆ? (கேள்வி பதில்)

கேள்வி: சுதந்திரம் கிடைத்தது 1945 என்கிறார்கள், 1949 என்றும் படித்தேன். எது சரி?

இந்தோனேசியர்களுக்கு 1945 ஆகஸ்ட் 17 தான். அன்று ஜகார்த்தாவில் தன் வீட்டு முன் நின்று விடுதலைத் தலைவர் சுகர்னோ சுதந்திர அறிவிப்பை வாசித்தார், பக்கத்தில் இன்னொரு தலைவர் ஹத்தா. அதைக் காலனியாக வைத்திருந்த நெதர்லாந்து ஆட்சியை ஒப்படைத்ததோ 1949 டிசம்பர் 27ல். நடுவில் நடத்திய இரண்டு படையெடுப்புகளுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. விமானத்தோடும் பீரங்கியோடும் போன போலீஸ்! 1945ஐ முழுமையாக ஏற்பதாக டச்சுப் பிரதமர் வாய் திறந்தது 2023ல்தான்.

கேள்வி: அது ஜப்பான் கொடுத்த பரிசு என்கிறாரே என் நண்பர்?

அந்தப் பேச்சு வரக்கூடாது என்றுதான் ஆகஸ்ட் 16 விடியற்காலையில் இளைஞர்கள் சுகர்னோவையும் ஹத்தாவையும் ரெங்காஸ்டெங்க்ளோக் என்ற ஊருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். போரில் 1942ல் டச்சுக்காரர்களை விரட்டி நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் சரணடைந்தாயிற்று, இனி எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், அன்றிரவு அறிவிப்பு எழுதப்பட்டது மயேதா என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரியின் வீட்டில். தட்டச்சுப் பிரதியில் ஆண்டு '05 என்றிருக்கும். ஜப்பானியக் கணக்கில் அது 2605.

கேள்வி: சுரபாயாவில் இந்தியச் சிப்பாய்களா சண்டை போட்டார்கள்?

ஆமாம், ஜப்பானியரின் சரணை ஏற்க அந்த ஜாவா நகருக்கு வந்த பிரிட்டிஷ் படையில் பெரும்பாலோர் அவர்களே. 1945 அக்டோபர் 30ல் அந்தப் படையின் பிரிகேடியர் மல்லபி கொல்லப்பட்டதும் நவம்பர் 10ல் பிரிட்டிஷாரின் பெரும் தாக்குதல் தொடங்கியது. சில சிப்பாய்கள் மனம் பொறுக்காமல் இந்தோனேசியர் பக்கம் போய்விட்டார்கள். நவம்பர் 10 இன்று அங்கே வீரர்கள் தினம்.

கேள்வி: ஒடிசா தலைவர் பிஜு பட்நாயக் விமானம் ஓட்டிப்போய் இந்தோனேசியத் தலைவரை மீட்ட கதை நிஜமா?

நிஜம். 1947 ஜூலையில் நேரு கேட்டுக்கொண்டதால் டகோட்டா விமானத்தில் போய், இந்தோனேசியாவின் முதல் பிரதமராக இருந்த ஷாரீரை அழைத்து வந்தார்.

கேள்வி: டச்சுக்காரர்கள் ஏன் இறங்கி வந்தார்கள்?

1948 டிசம்பரில் இந்தோனேசியக் குடியரசின் அப்போதைய தலைநகர் யோக்யகார்த்தாவைப் பிடித்துத் தலைவர்களைச் சிறைவைத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் காசநோய்க்காரரான தளபதி சுதிர்மான், ஆட்கள் பல்லக்கில் சுமக்க, காட்டிலும் மலையிலும் கொரில்லாப் போரைத் தொடர்ந்தார். ஐ.நா.வும் நெருக்கியது, உதவிப் பணத்தை நிறுத்துவோம் என்ற அமெரிக்க மிரட்டலும் சேர்ந்தது. சரி, போகிறோம் என்றார்கள் டச்சுக்காரர்கள். ஆனால் உங்கள் காலனி அரசின் கடனை எங்கள் தலையில் கட்டாதே என்று, ஆட்சி ஒப்படைப்பைப் பேசிய ஹேக் மாநாட்டில் பெரிய வாக்குவாதம். எங்களைச் சுடுவதற்கு ஆன செலவையும் நாங்களே கட்டுவதா என்று இந்தோனேசியத் தரப்பு கொதித்தது. பேரம் பேசி 430 கோடி கில்டரில் வந்து நின்றது. இந்தோனேசியர்கள் கட்டிக்கொண்டே வந்து, 1956ல் மிச்சத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.