ஐசியூ வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் மயக்கவியல் படிப்பா? நாகர்கோவில் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

டெக்சாஸில் கிரீன் கார்டோடு இதய ஐசியூவில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள், அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் போகத்தான் செய்யும். "முப்பது வயதில் பிஎச்.டி. எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சேர நினைப்பது பிஎச்.டி. அல்ல. வருடக்கணக்கில் ஆய்வேடு எழுதிவிட்டுக் கல்லூரி வேலை தேடும் படிப்பு என்று எண்ண வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பதற்கான தொழிற்படிப்பு இது. டிஎன்பி, டிஎன்ஏபி என்று பட்டத்தின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முன்பு முதுகலைப் பட்டமே போதும் என்றிருந்தது. 2022 ஜனவரி முதல் அமெரிக்காவில் இந்தத் துறைக்குள் புதிதாகச் சேரும் எவரும் டாக்டரேட் படிப்பில்தான் சேர முடியும். அதனால் அவள் தேவைக்கு மேல் படிக்கிறாள் என்று நினைக்காதீர்கள். இந்த வேலைக்கு வேறு வாசல் கிடையாது.

"நர்ஸ் எப்படி மயக்க மருந்து கொடுப்பாள்" என்ற உங்கள் சந்தேகமும் நியாயமானதே. நம் நாட்டில் அது டாக்டரின் வேலை. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேலாக நர்ஸ்கள் செய்துவருகிறார்கள். மேயோ கிளினிக்கில் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், மயக்க மருந்தால் ஓர் உயிர்கூடப் போகாமல் தான் கவனித்த 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி 1906-லேயே கட்டுரை எழுதினார். இன்று சிஆர்என்ஏ என்று அழைக்கப்படும் இந்த மயக்கவியல் நர்ஸ்கள் நோயாளியைப் பரிசோதித்து, மூச்சுக்குழாயில் டியூப் இறக்கி, முதுகுத்தண்டில் ஊசி போட்டு, அறுவை முடிந்து நோயாளி கண் விழிக்கும்வரை கூடவே நிற்கிறார்கள். பல கிராமப்புற மருத்துவமனைகளில் மயக்க மருந்துக்கு இவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பட்டம் டாக்டரேட் என்றாலும் எம்.பி.பி.எஸ். படித்த மயக்கவியல் மருத்துவர் வேறு. உறவினர்களிடம் சொல்லும்போது அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இனி, உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அது பணம்.

படிப்பு குறைந்தது 36 மாதம். அதற்குள் 2,000 மணி நேர மருத்துவமனைப் பயிற்சியும் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவமும் சேர வேண்டும். இதோடு வேலையும் பார்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். வேலை பார்க்கவே கூடாது என்று எழுதி வாங்கும் கல்லூரிகளும் உண்டு. ஆக, சம்பளமே இல்லாத மூன்று வருடம். பல இடங்களில் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. வீட்டு வாடகை, இன்ஷூரன்ஸ், பயிற்சிக்காக வேறு ஊர்களில் தங்கும் செலவு எல்லாம் தனி.

கிரீன் கார்டு இருப்பதால் அரசுக் கல்விக்கடனுக்கு அவள் விண்ணப்பிக்கலாம். ஆனால் செலவு முழுவதையும் கடனாகவே வாங்க வழி செய்திருந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. சாதாரண முதுநிலை மாணவருக்கு வருடம் 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. தன் படிப்பு இந்த வரம்புக்குள் வருமா, மீதிப் பணத்துக்கு என்ன வழி என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தனியார் கடன் என்றால் வட்டியைப் பார்த்த பிறகே கையெழுத்து. சேருவதற்கு முன் ஒரு வருடச் செலவுக்காவது கையில் சேமிப்பு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக இன்னும் ஒரு வருடம் ஐசியூவில் ஓவர்டைம் பார்த்தாலும் நஷ்டமில்லை. அந்த அனுபவம் நேர்காணலில் கைகொடுக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வருடம் என்பது குறைந்தபட்சத் தகுதிதான். வெண்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் என்று அன்றாடம் புழங்கியவர்களைத்தான் கல்லூரிகள் விரும்பி எடுக்கின்றன.

தயவுசெய்து ஊரில் இருக்கும் நிலத்தை அடமானம் வைக்காதீர்கள் அம்மா. படிப்பு முடிந்தபின் அவள் வருமானம் அந்தக் கடனைத் தாங்கும். அமெரிக்காவில் சாதாரண நர்ஸின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்குச் சுமார் 93,000 டாலர் என்றால், சிஆர்என்ஏக்களுக்கு அது 2 லட்சத்துக்கு மேல். அவள் கடனை அவளே அடைக்கட்டும். கடைசி வருடத்தில் மாத உதவித்தொகை தருகிறோம், பிறகு எங்களிடம் வேலை பார்க்க வேண்டும் என்று சில மருத்துவமனைகள் அழைக்கும். நல்ல உதவிதான். ஆனால் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைப் படிக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, முதல் முயற்சியிலேயே தேசியத் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட்டாக வேண்டும். பாதியில் நின்றால் பட்டம் கிடைக்காது, கடன் மட்டும் மிஞ்சும். கட்டணம் குறைவு என்பதைவிட இந்த எண்ணிக்கைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கல்யாணம் படிப்புக்கு முன்னா பின்னா என்பது அவள் முடிவு. அந்த மூன்று வருடத்தில் குடும்பத்துக்கு அவளால் ஒதுக்க முடிகிற நேரம் மிகக் குறைவு. வரன் வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

கடைசியாக, பிளஸ் டூ முடித்த உங்கள் தம்பி மகளைப் பற்றி. பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜி படித்துவிட்டு அக்காவைப் போல் ஆகலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்தப் படிப்பில் தியேட்டர் டெக்னீஷியன் வேலை கிடைக்கும். அதுவும் மதிப்பான வேலைதான். ஆனால் அது நர்ஸிங் பட்டம் ஆகாது. அதை வைத்து என்கிளெக்ஸ் தேர்வு எழுத முடியாது; அந்தத் தேர்வில் தேறாமல் அமெரிக்காவில் நர்ஸாகவே ஆக முடியாது. அக்காவின் பாதைதான் வேண்டும் என்றால் பி.எஸ்சி. நர்ஸிங்கில் தொடங்க வேண்டும். அங்கேயும் இந்தியர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய நிலை இப்போது இருக்கிறது. இதையும் அவளிடம் மறைக்காதீர்கள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் கல்லூரியின் பெயரையும் படிப்பின் முழுப் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.