2001 ஹோண்டா சிட்டி: மூன்றாவது தடவையும் ராக் சீல் மாற்றுவதா?

வேண்டாம், ராக்கையே (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களைத் திருப்பிவிடும் பாகம்) மாற்றிவிடுங்கள். எட்டு மாதத்தில் இரண்டு சீல் கிட் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையங்கள்) போட்டும் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது என்றால் குற்றம் அநேகமாக சீலில் இல்லை.

இந்த வயது வண்டிகளில் ராக்கின் முனையில் இருக்கும் ரப்பர் பெல்லோ (மடிப்பு உறை) பல சமயம் கிழிந்திருக்கும். மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், ராக்குக்குள் இரு பக்கமும் நகரும் கம்பியான ராக் பாரில் துரு ஏறும். அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொரசொரப்பு புது சீலின் விளிம்பை அரைத்துவிடும்.

கழற்றுவதற்கு முன் பெல்லோ கிளாம்பைத் தளர்த்தி ரப்பரை ஒதுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா? இருந்தால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, பாரின் வழவழப்பான பகுதியைத் துடைத்து நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் சந்தேகமே வேண்டாம், ராக்கை மாற்றத்தான் வேண்டும்.

பெல்லோவுக்குள் காய்ந்திருந்தால் அவசரப்படாதீர்கள். மேலே பிரஷர் ஹோஸ் (பம்பிலிருந்து ராக்குக்கு ஆயில் வரும் குழாய்) கசிந்து ராக் மேல் வழிந்துகொண்டிருக்கலாம். ஹோஸை மட்டும் மாற்றினால் செலவு பாதிகூட ஆகாது.

மாற்றும்போது:

1. டை ராட் எண்டை (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை) கழற்றும் முன் வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அதே அளவுக்கு மாட்டினால் அலைன்மென்ட் கடை வரை வண்டி ஓரளவு நேராகப் போகும்.
2. ஸ்டீயரிங் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை அணைத்தபடியே இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள்.
3. சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்ற விடாதீர்கள். மெக்கானிக் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். இந்த வண்டிக்கு ஹோண்டாவின் பவர் ஸ்டீயரிங் ஆயிலான பிஎஸ்எஃப்தான்.

பழைய ராக் வாங்குவதானால், அதே நகச் சோதனையைக் கடையிலேயே செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.